எப்சிபா அளந்த டிக்கிகள்

அக்டோபர் 5, ஞாயிறு

எடை 61.4. நான்கு வேளையும் நீர் தெளிவு.

மருத்துவமனையில் கொடுத்த இந்தப் பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம், ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம், உள்ளே விட்ட நீருக்கும் வெளியே வந்த நீருக்கும் தனித்தனிக் கட்டம். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'குறிப்பு'. நான்கு வருடமாக அதில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதி வருகிறேன். இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது, கட்டம் போதாது. அதனால் நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன் வடக்கு தெற்கை மாற்றிப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

கெசியா போன் பண்ணினாள். கண்ணூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடற்படை அகாடமியில் பயிற்சி முடிந்து, நவம்பர் 29 அன்று என் மகள் அதிகாரியாக வெளியே வருகிறாள். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றவர்கள் மைதானத்துக்குள் போய், பிள்ளையின் தோளில் பதவிப் பட்டையை மூடியிருக்கும் துணியை எடுத்துவிட வேண்டுமாம். அம்மாவுக்கு ஒரு தோள், அப்பாவுக்கு ஒரு தோள்.

"வர முடியலன்னா ஒண்ணும் இல்லப்பா. வீட்டாளுங்க வராதவங்களுக்கு ஆபீசரே எடுத்துவிட்ருவாங்க" என்றாள். அதைச் சாதாரணமாகச் சொல்வதற்கு எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பாளோ. நான் வாத்தியார், மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற குரல் எனக்குத் தெரியும்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் இருக்கிறது. அதன் வழியே இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதுப் பை ஏற்ற வேண்டும். நாளைக்கு நான்கு முறை, முறைக்கு அரை மணி நேரம். கதவு சன்னலைச் சாத்தி, விசிறியை அணைத்து, மாஸ்க் போட்டு, கையை முழங்கை வரை கழுவி, தூசி படாமல் செய்ய வேண்டிய வேலை. முன்பு நானே செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடமாக எப்சிதான் செய்கிறாள். என்னைக் குழாயைத் தொடவிடுவதில்லை.

ஆகவே அவள் இல்லாமல் நான் நகர முடியாது. நான் நகராவிட்டால் அவளும் நகர மாட்டாள். நான் கிளம்பினால் கெசியாவின் இரண்டு தோளுக்கும் ஆள் உண்டு, கிளம்பாவிட்டால் இரண்டும் ஆபீசருக்குத்தான்.

எப்சி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ரெண்டு பேரும் வாரோம், மக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு வெகுநேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

என் மனைவியைப் பற்றி எழுதிவிடுகிறேன். எப்சிபா, வயது ஐம்பத்திரண்டு, தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஸ்டஃபிங் சூப்பர்வைசர். கப்பலேறப் போகிற பெட்டிக்குள் சரக்கை அடுக்கும் வேலைக்குத்தான் இந்தப் பெயர். தீப்பெட்டிக் கட்டோ, துண்டு மூட்டையோ, தேயிலையோ, கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் எத்தனை உருப்படி உள்ளே போகும் என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் சொன்னதை அவள் திருத்தி, அவள் சொன்னது சரியாக இருந்த கதை யார்டில் ஏழெட்டு உண்டு. நடுவில் இரண்டு முறை ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து எனக்கு நீர் மாற்றிவிட்டுப் போவாள். அவளைக் கட்டிக்கொண்டது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஜாதகம் பார்க்காத வீடு என்பதால் தப்பித்தேன்.

இன்று சோற்றுத் தட்டை வைத்துவிட்டுத் திட்டத்தைச் சொன்னாள். ரயிலில் விசிறியை யார் அணைப்பார்கள்? விமானத்தில் அரை மணி நேரம் எங்கே உட்காருவது? மருந்துப் பெட்டிகளை அந்த ஊருக்கே முன்கூட்டி அனுப்பலாம் என்று கம்பெனி ஆள் சொன்னார். "வரலன்னா?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"கரன்ட் வண்டி வாங்குவோம். பெரிய சைஸ்ல" என்றாள். பழைய காரைக் கொடுத்துவிட்டு அப்படி ஒன்று வாங்குவது பற்றிப் போன வருடமே பேசியிருந்தோம். ஆனால் காரணங்களை அவள் அடுக்கிய விதம் இருக்கிறதே, அதுதான் அழகு. மருந்துப் பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் மின்சாரம் வேண்டும். இந்த வண்டிகளில் டிக்கிக்குள்ளேயே பிளக் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, புகை இல்லாமல், சத்தம் இல்லாமல், உள்ளே குளிரவைத்துக்கொண்டு, நீர் மாற்றும்போது மட்டும் ஏசியை அணைத்துக்கொள்ளலாம். பின் சீட்டு எனக்கு. கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் பையைத் தொங்கவிடலாம், வடிகிற பை காலடியில். பின் சீட்டு எனக்கென்றால் பெட்டிகள் முழுக்க டிக்கிக்குள் போக வேண்டும்.

ஒரு பெட்டியில் நான்கு பை, அதாவது ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. போக இரண்டு நாள், அங்கே மூன்று, திரும்ப இரண்டு.

"ஏழு பெட்டி. அவ்ளோதான்" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

எடை 61.6. ஒன்றுமில்லை.

அக்டோபர் 11, சனி

முதல் ஷோரூம். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. எப்சியும் வண்டிகளை நிறத்தை வைத்துத்தான் சொல்கிறாள். இது நீலம்.

எங்களைக் கவனித்துக்கொண்ட பெண் பர்வீன். சுறுசுறுப்பான பிள்ளை. பேட்டரி, வேகம், பாட்டுப்பெட்டி என்று அவள் ஆரம்பித்தபோது எப்சி நேராக வண்டியின் பின்னால் போய் நின்றுவிட்டாள். கையில் ஒரு டேப், ஒரு காலி மருந்துப் பெட்டி.

"பூட் ஸ்பேஸ் நானூறு லிட்டர் வருது, மேடம்" என்றாள் பர்வீன்.

"லிட்டர்லயா? நான் என்ன பாலா ஏத்தப் போறேன்?" என்றாள் எப்சி.

ஏற்றப்போவது ஐம்பத்தாறு லிட்டர் நீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

பிறகு நடந்தது ஒரு பாடம். கம்பெனிக்காரன் மூலை முடுக்கு, தரைக்கு அடியில் இருக்கும் பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்து லிட்டர் சொல்லுவான். அட்டைப்பெட்டி மூலைக்கு ஏற்றபடி வளையுமா? இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே திமில் மாதிரி உப்பியிருக்கிறது, அதற்கு நடுவில் உள்ள அகலம்தான் அகலம். பின் கண்ணாடி சாய்ந்திருந்தால் மேல் அடுக்கில் ஒரு வரிசை போச்சு. அடியில் பேட்டரி இருப்பதால் தரை கொஞ்சம் உயரம். சார்ஜ் பண்ணுகிற வயர் பை அரைப் பெட்டி இடத்தைத் தின்னும், ஆனால் முன்னால் இன்ஜின் இல்லாத இடத்தில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, வயரை அங்கே தள்ளிவிடலாம். இதை அவள் பர்வீனுக்குச் சொல்லிக்கொண்டே, கையிலிருந்த ஒரே பெட்டியை எட்டு இடத்தில் வைத்து, வைத்த இடத்தில் எல்லாம் காகித டேப் ஒட்டி, எட்டுப் பெட்டி ஆக்கிவிட்டாள். பர்வீன் தன் மேசையை விட்டு நோட்டை எடுத்துவந்து குறித்துக்கொண்டாள்.

கடைசியில் என்னையும் பின் சீட்டில் உட்காரவைத்துக் கைப்பிடியிலிருந்து என் தோள் வரை அளந்தாள். சரக்கோடு சரக்காக நானும் தேறினேன்.

ஏழு பெட்டி, இரண்டு சூட்கேஸ், மேலே ஒரு பெட்டிக்கு இடம் மிச்சம். வாங்கிவிடுவோம் என்று நினைத்தேன். எப்சி தலையசைத்தாள். "எட்டு வச்சும் காலி இடம் கெடக்கு. காலி இடம் இருந்தா சரக்கு ஆடும். அத அடைக்கணும்னா ஒம்பது வேணும். ஒம்பது வச்சா கதவு சாத்தாது."

தொழில் புத்தி. கன்டெய்னருக்குள் ஒரு சாண் இடைவெளி விட்டால் நடுக்கடலில் மொத்தமும் சரியும் என்பாள். அவளை எதிர்த்துப் பேச நான் யார்?

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எப்சியின் அக்கா, "கோவில்பட்டி கல்யாணத்துக்குப் பொறவு நீங்க ரெண்டு பேரும் எங்கயுமே வாரதில்லையே" என்றாள். எப்சி பைபிளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் செருப்பைத் தேடினேன்.

கோவில்பட்டியைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 18, சனி

இரண்டாவது ஷோரூம். சாம்பல் வண்டி. நீலத்தைவிட ஒரு முழம் நீளம், பின்கண்ணாடி செங்குத்து. டிக்கியின் வாசல்படி தாழ்வு, பெட்டியைத் தூக்காமல் தள்ளியே ஏற்றலாம். பத்துப் பெட்டி அடுக்கு பிசகாமல் நின்றது. எப்சி தள்ளி நின்று அதைப் பார்த்த முகத்தை நான் எங்கள் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

"கட்டுனவன் ரசிச்சுக் கட்டிருக்கான்" என்றாள்.

"அப்போ இதுவே இருக்கட்டுமா?"

"பன்னெண்டு வேணும்ங்க. மழைக்காலம். பாலக்காட்டுப் பக்கம் ரோடு அடைச்சிட்டா மூணு நாள் எங்கயாவது நிக்கணும்லா. அதுக்கு மேல ரெண்டு, பை ஓட்டையானா."

மழை நியாயம்தான். ஓட்டையும் நியாயம்தான்.

அக்டோபர் 25, சனி

எடை 61.9. கால் லேசாக வீக்கம், உப்பு குறைக்க வேண்டும்.

இன்று யார்டிலிருந்து வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளைக் காட்டினாள். பென்சிலால் மூன்று டிக்கிகளின் படம், மேலிருந்து பார்த்தபடி, பக்கத்திலிருந்து பார்த்தபடி. நான் போர்டில் வரைந்த இந்திய வரைபடங்களில் ஒன்றுகூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. மூன்றாவது இன்னும் பார்க்காத வண்டி. பர்வீன் போனில் சொன்ன அளவை வைத்தே வரைந்திருக்கிறாள். அதில் பன்னிரண்டு என்று எழுதி அடித்து, பதினாறு என்று எழுதியிருந்தது.

"பதினாறு எதுக்கு?"

"நோவு வந்தா மருந்து கலக்கத் தனிப் பை வேணும்." நோவு என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சரி, ஊருக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, மே மாதம், எப்சியின் அக்கா மகன் கல்யாணம், கோவில்பட்டி. வெளியூர் என்பதால் அன்றைக்கு மட்டும் எப்சி செய்தாள். மண்டபத்து மாடியில் ஓர் அறையில் எனக்கு நீர் மாற்றும்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நீர் கலங்கலாக வந்தது. காய்ச்சல், வலி, பதினாறு நாள் ஆஸ்பத்திரி. இனி இந்தக் குழாய் தாங்காது என்று சொல்லும் அளவுக்குப் போய்த் திரும்பினேன். விசிறியை அணைக்க மறந்தது தான்தான் என்று எப்சி டாக்டரிடம் சொன்னாள். "அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்துதான் என்னைக் குழாயைத் தொடவிடுவதில்லை.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நவம்பர் 3, திங்கள்

கெசியா பேசினாள். எத்தனை இருக்கை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "ரெண்டுன்னு போட்டுட்டேன்பா. பின்னால கூட மாத்திக்கலாம்." பின்னணியில் விசில் சத்தம், ஓடுகிற சத்தம். இந்தப் பிள்ளை ஒரு காலத்தில் எங்கள் மாடிப்படி இறங்கப் பயப்பட்டவள்.

அந்த விசிறி

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுதத் தொடங்கியதை முடிக்கவில்லை. கை வலி. ஒன்றுமில்லை.

நவம்பர் 8, சனி

சிவப்பு வண்டி வந்துவிட்டது என்று பர்வீன் கூப்பிட்டாள். ஷோரூமில் அதை நிறுத்தியிருந்த இடத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி நின்றன. டிக்கிக் கதவு காலை நீட்டிக் காட்டினாலே திறக்கிறது. தரை மேசை மாதிரி மட்டம். சக்கரத் திமில் இருக்கிற இடமே தெரியவில்லை. அடியில் இன்னொரு அறை, முன்னால் ஒரு தொட்டி. நான் மனம்விட்டு வியந்தேன். இந்த அகலத்துக்கு ஒரு நாலாம் வகுப்பே நடத்தலாம்.

எப்சி டேப்பை எடுத்தாள். பெட்டியை வைத்தாள், ஒட்டினாள், வைத்தாள், ஒட்டினாள். பதினாறு பெட்டி, இரண்டு சூட்கேஸ், பை சூடாக்கும் கருவி. ஆடுவதற்கு ஒரு விரல் இடம் இல்லை. கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது.

பர்வீன் கைதட்டினாள். எப்சி தட்டவில்லை. கதவைத் திரும்பத் திறந்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள். அவள் எதையும் இரண்டாம் முறை அளந்து நான் பார்த்ததில்லை.

"பத்தாது. இருவது வேணும்" என்றாள்.

பர்வீன் தன் நோட்டைப் புரட்டினாள். "மேடம், மொத நாள் ஏழுன்னுதான சொன்னீங்க? வண்டி பெருசாக பெருசாக உங்க லோடும் பெருசாகுதே." கிண்டலாகத்தான் சொன்னாள். எப்சி காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் அந்தச் சிவப்பு வண்டியின் டிக்கியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக அவள் தொழில் நேர்த்தியை வியந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவள் செய்தது வேறு. போக முடியாத அளவுக்குச் சரக்கைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். கப்பலே கொண்டுவந்து நிறுத்தினாலும் நாலு பெட்டி வெளியே நிற்கும். முப்பது வருடம் பிள்ளைகள் வரைபடத்தைத் தப்பாகப் போட்டால் எந்த இடத்தில் தப்பியது என்று பிடித்தவன் நான், இதைப் பிடிக்க ஒரு பர்வீன் வேண்டியிருந்தது.

திரும்பும்போது பழைய காரில் சொன்னாள்: "வரலன்னு கெசியாட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல வராது."

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கெசியாவிடம் அல்ல.

சாயங்காலம் நான்கு மணி நீர். கதவு சாத்தியிருந்தது, விசிறி நின்றிருந்தது, இரண்டு பேருக்கும் மாஸ்க். எப்சி மூடியை மாட்டி, கிளிப்பைப் போட்டு, குழாயை என் இடுப்புத் துணிக்குள் செருகினாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தேன். நடுவில் சொல்லியிருந்தால் அவள் கை நின்றிருக்கும், அந்த அளவுக்காவது எனக்கு அறிவு இருந்தது.

"எப்சி, கோவில்பட்டில விசிறிய நீ மறக்கல. நான்தான் போட்டேன்."

நடந்தது இதுதான். அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். நீர் வடிந்துகொண்டிருக்கும்போது கீழே ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று போனாள். மே மாத வெக்கை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து சுவிட்சைத் தட்டினேன். அவள் வருவதற்குள் அணைத்துவிடலாம் என்று நினைத்தேன், கண் அசந்துவிட்டேன். அவள் அவசரமாக வந்து மூடி மாட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தாள். "அய்யோ, அணைக்காமலா விட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். கல்யாண வீட்டில் எதற்குப் பேச்சு என்று விட்டேன். நீர் கலங்கிய பிறகு சொல்லப் பயமாக இருந்தது. அவள் டாக்டரிடம் பழியைத் தலையில் போட்டுக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. அப்புறம் நாள் போகப் போக, சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. நான் கோழை. இதை எழுதுவதற்கே எனக்கு ஒரு நோட்டின் பின்பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. வடிந்த பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தெளிவா இருக்கு" என்றாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

பேசவில்லை. நான்கு வேளையும் நேரத்துக்கு வந்தாள். கோபத்திலும் கை ஒரு இம்மி தப்பவில்லை. எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

பேசவில்லை. நீர் தெளிவு.

நவம்பர் 12, புதன்

பகல் பதினொரு மணிக்கு வந்தவள் கையைக் கழுவிவிட்டு என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யூனிஃபார்ம் சட்டையில் யார்டுத் தூசி.

"பதினாறு நாள் ஆஸ்பத்திரில என் மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான கெடந்திய?"

"ஆமா."

"நான் ராத்திரி எல்லாம் அழுதது தெரியும்லா?"

"தெரியும்."

"இந்த ரெண்டு வருசமா, ஒவ்வொரு தடவையும் சுவிட்சப் பாத்துட்டு, திரும்ப வந்து பாத்துட்டு, யார்டுல நின்னுக்கிட்டு வீட்டு சுவிட்ச நெனச்சுட்டு நிக்கேன். கன்டெய்னருக்கு சீல் வச்சிட்டு என் கையையே நம்பாம திரும்பத் தொறந்து பாத்திருக்கேன். தெரியுமா?"

அது எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துக்கொள் என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவள் எழுந்து, புதுப் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "கைய நல்லாக் கழுவுங்க. இன்னைக்கு நீங்க பண்ணுங்க. நான் பாக்கேன்."

இரண்டு வருடம் கழித்துக் குழாயைத் தொட்டேன். மூடியைக் கழற்றினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். சோறு வைக்கும்போது நான் கரண்டியைத் தொட்டால்கூடப் பிடுங்கிக்கொள்பவள் அவள்.

நவம்பர் 13, வியாழன்

எப்சி தனியாகப் போய் நீல வண்டியைப் பதிவு செய்துவிட்டு வந்தாள். எட்டுப் பெட்டி, ஏழும் ஒரு உபரியும். பன்னிரண்டு குறைந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பெட்டியும் நான் சொல்லாமல் வைத்திருந்ததன் எடை.

"சாம்பல்தான உனக்குப் பிடிச்சிருந்துது?"

"பிடிச்சுது. அது பத்துப் பெட்டிக்காரங்களுக்கு" என்றாள். பேசிவிட்டோமே என்று நினைவு வந்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பர் 26, புதன்

பொள்ளாச்சி. லாட்ஜ் அறையிலிருந்து எழுதுகிறேன். எடை பார்க்கத் தராசு இல்லை.

காலையில் கிளம்பும்போது பர்வீன் வந்து டிக்கியைப் படம் எடுத்துக்கொண்டாள், வருகிறவர்களுக்குக் காட்டுவாளாம். எட்டுப் பெட்டி, சூட்கேஸ், சூடாக்கும் கருவி, நடுவில் அழுத்தமாக இரண்டு தலையணை. கண்ணாடி வழியே பின்னால் வருகிற லாரியின் நம்பர்கூடத் தெரிகிறது.

பகல் நீரும் சாயங்கால நீரும் வழியிலேயே, சார்ஜ் போடுகிற இடங்களில். வண்டி சாப்பிட்டது, நானும் சாப்பிட்டேன். ஏசியை அணைத்தேன், சன்னலைப் பார்த்தேன், மாஸ்க் போட்டேன், எல்லாம் என் கையால். வண்டி ஓட்டுவது எப்சி, அந்த நேரங்களில் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் வரை அவசியத்துக்குத்தான் பேசினாள். பழனி தாண்டி மலை தெரிந்ததும், "இதத்தான் முப்பது வருசமா போர்டுல கோடு கோடாப் போட்டியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நேர்ல நல்லா இருக்கு" என்றாள்.

நவம்பர் 29, சனி

அணிவகுப்பு இன்று. மைதானத்துக்குள் விடியும் முன்பே போய் உட்கார வேண்டும் என்பதால் காலை நீரை நான்கு மணிக்கே முடித்துவிட்டோம். அடுத்தது ஒன்பதுக்குள். அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். கணக்கு தப்பியது.

எதைச் சொல்ல. கடல், கடலுக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே கால் ஒரே கை. எங்கள் பிள்ளை எது என்று தெரியவில்லை. எப்சி ஒருத்தியைக் காட்டினாள், நான் இன்னொருத்தியைக் காட்டினேன். இரண்டு பேரையும் பார்த்து அழுதோம்.

ஒன்பதரைக்கு எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வயிறு கல்லாக இருந்தது, கால் கனத்தது. படுத்திருக்கும் இரவில் தாங்குகிற நேரம், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் தாங்குவதில்லை. இன்னும் உரைகள் பாக்கி. எப்சி என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்து போனால் கெசியாவுக்கு ஆள் கிடையாது. இருந்தால் நான் விழுவேன். பத்து நொடி யோசித்திருப்பாள். கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போங்க. பை டிக்கில சூடா இருக்கு."

"தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்."

வண்டி நிறுத்தும் இடம் தூரம். நின்று நின்று போனேன். டிக்கியைத் திறந்து பையை எடுத்தேன். பின் சீட்டில் ஏறினேன். ஏசியை அணைத்தேன். கை கழுவினேன், மாஸ்க் போட்டேன், தொங்கவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணாடி எல்லாம் சாத்தியிருந்தது. கழுத்திலிருந்து வியர்வை ஓடியது. ஏசி சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது, கைதட்டல் கேட்டது, தொப்பியைத் தூக்கி எறிகிற கூச்சல் கேட்டது. மூடியை மாட்டினேன். வடிந்த பையை வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக இருந்தது.

எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அப்படித்தான் இருந்தது. மைதானம் முழுக்கக் குடும்பங்கள், கட்டிப்பிடித்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு. எல்லாப் பிள்ளைகளுடைய இரண்டு தோளிலும் பட்டை மின்னியது.

ஓரமாகக் கெசியா விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு தோளில் பட்டை பளபளத்தது. இன்னொரு தோளில் துணி மூடியபடியே இருந்தது. அவள் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஓர் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் எப்சி, யார்டில் கன்டெய்னர் கதவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மூணு தடவ கேட்டுட்டார்பா, நானே எடுத்துவிடட்டுமான்னு" என்று கெசியா உதடு அசையாமல் சொன்னாள். "அம்மா விட மாட்டேன்னுட்டாங்க. தமிழ்லயே சொன்னாங்க. 'அவ அப்பா தனியா வேலைய முடிச்சுட்டு வருவாவ, நீங்க நில்லுங்க'ன்னு."

நான் எப்சியைப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பார்த்தாள், நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதிகாரியைப் பார்த்து, "இப்ப எடுக்கலாம் சார்" என்றாள்.

கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு என் மகளின் தோளருகே போனேன்.